பக்கத்து இருக்கை

மெக்கானிக் ஹெல்மெட்டை மறந்துவிட்டு வந்திருந்தான்.

"பத்து வருஷத்துல இல்லாத அதிசயம்," என்றார் பல் டாக்டர். "என்னோடதைப் போட்டுக்க. கொஞ்சம் லூசா இருக்கும். மூளை இருக்கிறவங்க சைஸ்."

"வேணாம் டாக்டர். முதுகு வேற பிடிச்சிருக்கு. இன்னிக்கு மாப்ள தனியாப் போகட்டும்."

மாப்பிள்ளை என்றது மூக்குக்கண்ணாடிக் கடைக்காரனை. பள்ளிக்கூட நாளிலிருந்தே இருவரும் மச்சான், மாப்ள என்றுதான் கூப்பிட்டுக்கொண்டார்கள். பிறகு அவன் மெக்கானிக்கின் தங்கையைக் கட்டிக்கொண்டான். விளையாட்டாகச் சொன்னது முறையாகிப்போனது.

வருடத்தில் இரண்டு ஞாயிற்றுக்கிழமை இந்தப் பந்தயத் தடத்தைப் பொதுமக்களுக்குத் திறந்துவிடுவார்கள். சொந்தக் கார் உள்ள யாரும் வரலாம். போட்டி கிடையாது, கோப்பை கிடையாது. இருபது நிமிடம் ஓட்டலாம், நாற்பது நிமிடம் காத்திருக்க வேண்டும். வாரம் முழுக்க இருட்டறையில் அடுத்தவர் கண்ணைச் சோதித்துக்கொண்டு, "இது தெளிவா, அது தெளிவா?" என்று கேட்டுக்கொண்டிருப்பவனுக்கு அந்த இருபது நிமிடம் போதும்.

கடைக்காரனின் காரைக் காலி செய்தார்கள். ஜாக்கி, ஸ்டெப்னி, குடை, டிக்கியில் கிடந்த மனைவியின் ஒற்றைச் செருப்பு, எல்லாம் தார்ப்பாயில் வரிசையாகக் கிடந்தன.

முதல் சுற்றில் எப்போதும் மெக்கானிக் பக்கத்தில் உட்காருவான். வாய் திறக்க மாட்டான். காதைத் தீட்டிக்கொண்டு வருவான். சுற்று முடிந்ததும், "வண்டி நல்லா இருக்கு" என்பான். அதைக் கேட்ட பிறகுதான் கடைக்காரன் ஆக்ஸிலரேட்டரை அழுத்துவான்.

அன்று அதைக் கீழே நின்றபடியே சொன்னான். "வண்டி நல்லா இருக்கு. மூணாவது வளைவுல மட்டும் அடக்கி வாசி."

"ஏன்?"

"ஈரமா இருக்கு."

வெயில் சுள்ளென்று அடித்துக்கொண்டிருந்தது. மச்சான் சொன்னால் ஈரம் இருக்கும் என்று இவன் நினைத்துக்கொண்டான்.

மூன்றாவது வளைவு வலப்பக்கம் திரும்பும் நீண்ட வளைவு. காரின் பாரமெல்லாம் இடது முன்சக்கரத்தில் வந்து சாயும். ஈரம் எதுவும் இல்லை. ஆனால் நான்காம் சுற்றில், இடது காலுக்குக் கீழே எங்கோ "டக்" என்றது. ஏழாம் சுற்றில் மறுபடியும்.

இறங்கியதும் சொன்னான்.

"புது பிரேக் பேட்," என்றான் மெக்கானிக். "போன வாரம்தானே மாத்தினேன். பழகணும்."

சொல்லிக்கொண்டே டார்ச்சை எடுத்துக்கொண்டு இடது முன்சக்கரத்தின் அருகே குந்தினான். இரண்டாம் முறை இறங்கியபோதும் நேராக அங்கேதான் போனான்.

"உனக்கு வாய்ச்ச மச்சானைப் பாரு," என்றார் டாக்டர். "எனக்கும் ஒருத்தன் இருக்கானே. என் கார்ல அவன் குனிஞ்சு பார்த்ததெல்லாம் பெட்ரோல் முள்ளு மட்டும்தான்."

இவனுக்குப் பெருமையாக இருந்தது. முதுகு பிடித்திருக்கும்போதும் குந்துகிறானே என்று மனம் இளகியது.

மதியம் மனைவி வந்தாள். மூன்றாம் முறைக்கு வீட்டு ஆட்களையும் ஏற்றிக்கொண்டு போகலாம். எட்டு வருடமாக, "கிறுக்குத்தனம்" என்று சொல்லிவந்தவள், போன மாதம்தான் ஒரு ரவுண்டு வருகிறேன் என்று ஒப்புக்கொண்டிருந்தாள். டாக்டரின் ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டு, "அண்ணா, எப்படி இருக்கேன்?" என்று கேட்டாள்.

மெக்கானிக் சிரிக்கவில்லை. "நீ எதுக்கு? கழட்டு."

"ஏன்?"

"தலை சுத்தும். வாந்தி வரும்."

"ராட்டினத்துல உன்னைப் பிடிச்சுக்கிட்டு வந்தவ நான். வாந்தி எடுத்தது நீ."

டாக்டர் விழுந்து விழுந்து சிரித்தார். அவள் கதவைத் திறந்தாள். மெக்கானிக் அதைச் சாத்தினான். சாத்திய கையை எடுக்காமல் அப்படியே வைத்திருந்தான்.

"சொன்னா கேளு. நீ ஏற வேண்டாம்."

"சரி விடு மச்சான்," என்றான் இவன். "நான் மட்டும் போயிட்டு வர்றேன்."

"ம். நீ போ."

பதில் பட்டென்று வந்தது. தோள் தளர்ந்தது. பெருமூச்சுகூட விட்டான்.

இவன் அவன் முகத்தைப் பார்த்தான். இரண்டு லென்ஸ்களை மாற்றி மாற்றி வைத்து, எது தெளிவு என்று கேட்பதைப் போல, முதலில் கதவில் இருந்த கையை, பிறகு முகத்தை, மறுபடி கையைப் பார்த்தான்.

பிறகு தரையில் படுத்து, டார்ச்சை இடது முன்சக்கரத்துக்குப் பின்னால் அடித்தான். சக்கரத்தைத் தாங்கும் இரும்புக் கை மட்டும் புதுக் கறுப்பில் பளபளத்தது. சுற்றியிருந்ததெல்லாம் பழைய அழுக்கு. வெல்டிங் வைத்த தழும்பை ஒட்டிப் பெயின்ட் வெடித்திருந்தது. தலைமுடி அளவு கோடு. அந்த அளவுக் கோடுகளைப் பார்ப்பதுதான் அவனுக்குத் தொழில்.

எழுந்து மண்ணைத் தட்டிக்கொண்டான். "என்ன ஆச்சு?"

மெக்கானிக் டாக்டரைப் பார்த்தான். டாக்டர் தார்ப்பாயைப் பார்த்தார்.

"பேட் மாத்திட்டு ஓட்டிப் பார்த்தேன். ஒரு கஸ்டமர் கூட இருந்தாரு. கொஞ்சம் ஸ்டைல் காட்டினேன். ரோட்டு நடுக் கட்டையில மோதிடுச்சு. சக்கரத்தைத் தாங்குற ஆர்ம் வளைஞ்சு போச்சு. புதுசு வர ஒரு மாசம் ஆகும்னாங்க. சூடு காட்டி நிமிர்த்தி வெல்டு வெச்சேன். டவுனுக்குள்ள தாங்கும் மாப்ள."

"இங்க?"

மெக்கானிக் தடத்தின் பக்கம் திரும்பிக்கொண்டான்.

"ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே."

"சொன்னா வந்திருக்க மாட்டே. ஆறு மாசமா காத்துக்கிட்டிருந்தே."

"அப்போ எனக்காகத்தான் சொல்லலையா?"

அவள் ஹெல்மெட்டைக் கழற்றினாள். முடி கலைந்து நெற்றியில் ஒட்டியிருந்தது.

"அண்ணா, நான் உக்காந்தா ஆபத்து. அவர் உக்காந்தா?"

"அவன் ஓட்டத் தெரிஞ்சவன்மா. சமாளிச்சிடுவான்னு..."

"நான் அதைக் கேக்கலை."

அடுத்த அணிக்கான சங்கு ஊதியது. கார்கள் ஒவ்வொன்றாகக் கிளம்பின.

"ஹெல்மெட்டை மறந்துட்டேன்னு சொன்னியே," என்றான் இவன். "மறந்தியா?"

மெக்கானிக் தலையைக் குனிந்துகொண்டான்.

"வீட்ல எடுத்து வெச்சியா?"

"எடுத்தேன்."

"எடுத்து?"

"வெச்சிட்டு வந்துட்டேன்."

இவன் மச்சான் வீட்டின் முன்னறையை நினைத்துப் பார்த்தான். செருப்பு அலமாரி. அதன்மேல் எப்போதும் இருக்கும் சிவப்பு ஹெல்மெட். காலையில் மச்சான் அதைக் கையில் எடுத்திருக்கிறான். யோசித்திருக்கிறான். திரும்ப வைத்துவிட்டு, கதவைப் பூட்டிக்கொண்டு, வழி நெடுக ஜோக்கடித்துக்கொண்டே இவனோடு வந்திருக்கிறான்.

சாவியை நீட்டினான். "ஒரே ஒரு ரவுண்டு. நீ ஓட்டு. நான் பக்கத்துல உக்கார்றேன்."

மெக்கானிக்கின் கைகள் பக்கவாட்டிலேயே தொங்கின.

"அதான் மச்சான்," என்றான் இவன். சாவியைப் பையில் போட்டுக்கொண்டான்.

இழுவை வண்டி வர ஒன்றரை மணி நேரம் ஆயிற்று. அதற்குள் மெக்கானிக், ஒருவரும் கேட்காமலே, தார்ப்பாயில் கிடந்ததையெல்லாம் டிக்கியில் எடுத்து வைத்தான். ஜாக்கி அதன் குழியில், ஸ்டெப்னி அதன் மேல், குடை ஓரத்தில். எது எங்கே இருக்கும் என்று அவனுக்குத் தெரியும். ஒற்றைச் செருப்பை மட்டும் கையில் வைத்துக்கொண்டு தங்கையைப் பார்த்தான். அவள் வாங்கிக்கொள்ளவில்லை. அதையும் உள்ளே வைத்தான்.

டாக்டர் மெக்கானிக்கைக் காட்டி, "நான் இவனைக் கூட்டிட்டுப் போறேன்," என்றார். அன்று அவர் ஜோக்கில்லாமல் பேசியது அது ஒன்றுதான்.

இழுவை வண்டிக்காரர் சீட்டை நீட்டினார். "எந்த ஒர்க்‌ஷாப்ல இறக்கணும் சார்?"

பத்து வருடமாக ஒரே ஒர்க்‌ஷாப்தான். அதன் முதலாளி நான்கு அடி தள்ளி நின்றுகொண்டிருந்தான்.

"வீட்டுக்கே கொண்டுவந்துடுங்க," என்றான் இவன்.

மனைவியின் காரில் பக்கத்து இருக்கையில் ஏறினான். அவள் நிதானமாகத்தான் ஓட்டினாள், முப்பதைத் தாண்டவில்லை. வாசலைக் கடந்ததும் சாலை வலப்பக்கம் திரும்பியது.

அவன் கால் தரையை அழுத்தியது. கை கதவைப் பற்றிக்கொண்டது.

"மெதுவாத்தாங்க போறேன்," என்றாள் அவள்.

"தெரியும்," என்றான். கையை எடுக்கவில்லை.