ஏழு மாடித் தாளம்

லிஃப்ட் மெக்கானிக்குக்கு இசையில் காது கிடையாது என்பது அவர் மனைவியின் தீர்ப்பு. மேல்முறையீடு செய்யும் துணிச்சல் அவருக்கும் இல்லை. ஆனால் அவளுடைய பாட்டுக்குழுவுக்கு, விரலால் தட்டி வாசிக்கிற எலக்ட்ரானிக் தாளப் பலகை ஒன்று தேவைப்பட்டு, கடையில் அதன் விலையைக் கேட்டு அவள் வெறுங்கையோடு திரும்பி வந்தபோது, "நானே செஞ்சு தர்றேன்" என்று வாயை விட்டுவிட்டார்.

ஏதோ கட்டடத்தில் கழற்றிப் போட்டிருந்த லிஃப்ட் பலகையைக் கேட்டு வாங்கி வந்தார். ஏழு மாடிக்கு ஏழு பொத்தான். கதவு திறக்க ஒன்று, மூட ஒன்று. பின்பக்கம் தீப்பெட்டி அளவில் ஒரு சர்க்யூட் போர்டு. பலகை தானாகச் சத்தம் போடாது. எந்தப் பொத்தான் அமுங்கியது என்று ஒயர் வழியே லேப்டாப்புக்குச் சொல்லும், லேப்டாப் அதற்கான ஓசையை எழுப்பும். வேலை முடியும்வரை சாப்பாட்டு மேசை அவர் வசம் இருந்தது. மனைவி தட்டை மடியில் வைத்துச் சாப்பிட்டாள்.

ஒத்திகைக்கு வந்த மச்சான், அதாவது குழுவில் கிட்டார் வாசிக்கும் அவள் தம்பி, பலகையைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தான்.

"மூணாவது மாடியில யாரு மாமா?"

"மத்தளம்."

"நாலாவதுல?"

"கைத்தட்டல்."

"பாவம் மத்தளம், மேல் வீட்டுச் சத்தத்துல தூங்கவே முடியாது."

மனைவி சிரித்துக்கொண்டே பொத்தானைத் தட்டினாள். சத்தம் ஒரு கணம் பிந்தி வந்தது. மறுபடி தட்டினாள். மறுபடியும் அப்படியே.

"என்னங்க, கூப்பிட்டா யோசிச்சு யோசிச்சு வருது? உங்க லிஃப்டைவிட மோசமா இருக்கே!"

அவருக்கு முகம் சுண்டிப்போனது. ஒயரை மாற்றினார், பற்றவைத்த இடங்களைச் சோதித்தார். எல்லாம் சரி. கடைசியில் லேப்டாப்பில் தாமே எழுதிய புரோகிராமைத் திறந்தபோது திருடன் அகப்பட்டான். பொத்தானைச் சற்று அழுத்திப் பிடித்தால்தான் மதிக்க வேண்டும் என்று, தொழில் பழக்கத்தில், எழுதி வைத்திருந்தார்.

"சும்மா யார் முழங்கை பட்டாலும் கிளம்பிடக் கூடாதுல்ல?" என்றார் தயங்கி.

"இதுல யாருங்க ஏறிப் போகப் போறா?"

அரை மனதோடு அந்த வரியை நீக்கினார். அவள் விரல் பட்டதும் சத்தம் விரலோடு ஒட்டிக்கொண்டு வந்தது. அதன்பின் அவள் கேலி பேசவில்லை. யாரையும் நிமிர்ந்து பார்க்கவும் இல்லை. ஏழு மாடியிலும் அவள் விரல்கள் ஏறி இறங்கின. ஸ்க்ரூடிரைவரைக் கீழே வைக்க மறந்து அவர் அவளையே பார்த்தபடி நின்றார்.

நூலக அரங்கில் நிகழ்ச்சி நடந்தது. முன்வரிசையில் உட்கார்ந்து, எந்த ஒயர் எப்போது காலை வாருமோ என்று பலகையையே முறைத்துக்கொண்டிருந்தார். ஒயர் எதுவும் மோசம் செய்யவில்லை. நிம்மதியில் பாட்டு முடிவதற்குள் எழுந்து, தன்னந்தனியாகக் கைதட்டிவிட்டார்.

பாட்டு முடிந்ததும் மனைவி மைக்கை இழுத்தாள். "இதைச் செஞ்சது அவருதாங்க. செய்யத் தெரியும், எப்ப கைதட்டணும்னு மட்டும் தெரியாது."

அரங்கமே சிரித்தது. அவர் உட்காரவில்லை. இன்னும் பலமாகத் தட்டினார்.

மேடைக்குப் பின்னால் மச்சான் தலையைச் சொறிந்துகொண்டு வந்தான். "மாமா, எனக்கும் ஒண்ணு..."

"பார்க்கலாம்," என்றார் மெக்கானிக், பெரிய மனிதரைப்போல. மனைவி குனிந்து ஒயரைச் சுருட்டுகிற சாக்கில் சிரிப்பை அடக்கிக்கொண்டாள்.