மலையில் காயாத மீன்

காலை ஐந்தரைக்கு எழுந்திருப்பேன். தண்ணீர் டிரம்மின் மூடியை ஈரத்துணியால் துடைப்பேன். துணி கறுப்பாகும். அலசிப் பிழிந்து மறுபடி துடைப்பேன். பால் காய்ச்சுவேன். ஆறேகாலுக்கு மகள் குழலியை எழுப்பி உட்கார வைத்து, பிளாஸ்டிக் குழாயை மூக்கும் வாயும் மூடும்படி பிடித்து, இன்ஹேலரை இரண்டு முறை அழுத்துவேன். ஒவ்வொரு முறைக்கும் பத்து மூச்சு. அவள் விரல் விட்டு எண்ணுவாள். பிறகு வாய் கொப்பளிப்பு, குளியல், சீருடை, இரட்டைப் பின்னல். பின்னல் இப்போது எனக்கு நேராக வருகிறது. ஏழரைக்கு அவளைப் பக்கத்து வீட்டில் அண்ணியிடம் விட்டுவிட்டு, திருவொற்றியூருக்கு ஷேர் ஆட்டோ பிடிப்பேன். கன்டெய்னர் கிடங்கில் வேலை. பள்ளிக்கூடம் கொண்டுபோய் விடுவதும் அழைத்து வருவதும் அண்ணி.

அண்ணி என்பது குணசுந்தரி. என் மனைவி சினேகாவின் அக்கா. சினேகா இறந்து பதினாறு மாதம் ஆகிறது.

அதற்கு முன் ஒன்றரை வருடம் நாங்கள் கோத்தகிரியில் இருந்தோம். குழலிக்கு அப்போது மூன்று வயது. அனல்மின் நிலையச் சாம்பல் பறக்கும் எண்ணூர்க் காற்று அவளுக்கு ஒத்துக்கொள்ளவில்லை. நான் வேதியியல் படித்தவன். ஒரு தேயிலைத் தொழிற்சாலையில் தரம் பார்க்கும் அறையில் ஆள் கேட்டார்கள், போனோம். போன இரண்டாவது மாதம் இன்ஹேலரை அலமாரியில் வைத்தோம். அது அங்கேயே காலாவதியானது.

ஞாயிறுதோறும் நடந்தோம். சினேகா கடற்கரையில் வளர்ந்தவள், மேடு ஏறிப் பழக்கமில்லை. முதல் நாள் பாதி ஏற்றத்தில் உட்கார்ந்துகொண்டு, "யோவ், இந்த மலைய எவன்யா இவ்ளோ ஒசரத்துல கொண்டாந்து வச்சான்?" என்றாள். மூன்றாவது மாதம் எங்களுக்கு முன்னால் போனாள். தூக்கில் புளிச்சோறும் கருவாட்டுத் தொக்கும் இருக்கும். எந்த உச்சிக்குப் போனாலும் காற்று எந்தப் பக்கம் அடிக்கிறது என்று பார்த்து, அதற்கு முதுகைக் காட்டி உட்கார்ந்த பிறகுதான் தூக்கைத் திறப்பாள். இங்கே மணல் பறக்காது என்று சொல்லிப் பார்த்தேன். கேட்கவில்லை.

அந்த வருட டிசம்பர் லீவுக்கு அண்ணி ஒரு கூடை வாளை மீன் அனுப்பினாள். உப்புப் போட்டு, பாதி காய வைத்தது. மீதியை அங்கே வெயிலில் போட்டுக்கொள்ளச் சொன்னாள். குவார்ட்டர்ஸ் தகரக் கூரையில் சினேகா பரப்பினாள், நான் ஏணியைப் பிடித்துக்கொண்டேன். நாங்கள் மூன்று பேருமே கடலோரத்தில் பிறந்தவர்கள். வெயில் தினமும் வரும் என்றுதான் நினைத்திருந்தோம். ஒன்பது நாள் மேகம் கூரையை விட்டு இறங்கவில்லை. ஆறாம் நாளே புழு வைத்துவிட்டது. பின்பக்கம் குழி தோண்டிப் புதைத்தாள். மறுநாள் பார்த்தால் குழி திறந்து கிடந்தது. கரடி வந்திருக்கிறது என்றார்கள்.

அதைச் சிரித்துக்கொண்டே அக்காவிடம் போனில் சொன்னாள். அந்தப் பக்கம் சிரிப்பு இல்லை.

கெட்டுப்போன மீனாக இருந்தாலும் கடலில்தான் விட வேண்டும் என்பது எங்கள் குப்பத்து வழக்கம். மண்ணில் போடுவது மனுஷனை மட்டும்தான்.

"மீன பொதைச்சிட்டு பல்ல காட்றியா? மலைக்கி போனா எல்லாம் மறந்துபூடுமாடி?" என்று கேட்டுப் போனை வைத்தாள் அண்ணி. அதன் பிறகு ஒரு வருடம் எடுக்கவில்லை. சினேகா நான்கைந்து முறை போட்டுப் பார்த்துவிட்டு நிறுத்திக்கொண்டாள்.

அடுத்த டிசம்பரில் சினேகா இறந்தாள். மூளையில் ரத்தக் குழாய் வெடித்துவிட்டது. காலையில் விழுந்தாள், கோயம்புத்தூர் போகும் வழியில் முடிந்துவிட்டது. சாயங்காலம் அண்ணி கார் வைத்துக்கொண்டு வந்தாள். வந்ததும் என் சட்டையைப் பிடித்தாள்.

"கடைசியா இன்னா சொன்னா? என்ன பத்தி எதுனா சொன்னாளா?"

"குழலிய அக்காகிட்ட வுடுன்னா" என்றேன்.

எங்கிருந்து வந்தது என்று தெரியாது. அவள் சட்டையை விட்டுவிட்டாள். அன்று எனக்கு அது போதுமாக இருந்தது.

அப்படித்தான் எண்ணூர் திரும்பினோம்.

போன வியாழக்கிழமை லியோனார்ட் சார் கூப்பிட்டார். தொழிற்சாலை மேனேஜர். என் பழைய இடம் காலியாகிறது, ஜூன் ஒன்றாம் தேதி வரலாம், குவார்ட்டர்ஸ் உண்டு, திங்கட்கிழமைக்குள் சொல்லு என்றார். இந்த வருடம் குழலியை மூன்று முறை ஆஸ்பத்திரியில் சேர்த்திருக்கிறோம். மூன்றாவது முறை டாக்டர் மருந்துச் சீட்டு எழுதாமல் என்னைப் பார்த்து, "வேற ஊர் இல்லையா உங்களுக்கு?" என்று கேட்டார்.

வெள்ளிக்கிழமை சாப்பிடும்போது சொன்னேன்.

அண்ணியின் கணவர் கோதண்டம்தான் முதலில் பேசினார். "போ சகல. ஒரு தபா நானும் வரேன். அந்த கரடிய பாக்கணும். வாளைய மோந்தே கண்டுபுட்ச்சிகீதே, நம்ம போட்ல ஏத்திகினா வலையே வாணாம்."

"நீ வாய மூடிகினு துன்னு" என்றாள் அண்ணி. என் பக்கம் திரும்பவில்லை. "போறதுன்னா நீ போ தம்பி. உன் வேல, உன் இஷ்டம். கொயந்த இங்கதான் கீது."

"அவளுக்காகத்தான் அண்ணி போறதே."

"அவ அம்மா இன்னா சொன்னா? அக்காகிட்ட வுடுன்னாளா இல்லியா? உன் வாயாலதான சொன்ன?"

"ஆமா."

"அப்பறம் இன்னா? செத்தவ பேச்சு. மீற சொல்றியா?"

கோதண்டம் என் தட்டில் இன்னொரு துண்டு மீன் வைத்தார். சாப்பிட்டு முடித்தேன்.

ஞாயிற்றுக்கிழமை குழலியின் நடை. அதை அவள் விடுவதில்லை. இங்கே மலை இல்லை, தூண்டில் வளைவு இருக்கிறது. கரை அரிக்காமல் இருக்கக் கடலுக்குள் நீளமாகப் பாறையைக் கொட்டியிருக்கிறார்கள். அதன் அடியிலிருந்து மேலே ஏறி, கடைசிப் பாறை வரை போவது அவள் கணக்கில் ஓர் உச்சி. அன்று அண்ணியும் வந்தாள். லீவு நாளென்று காலையிலேயே சங்கரா வறுத்து, சோறு வடித்து, குழம்பைத் தனியாக ஊற்றி எடுத்து வந்திருந்தாள். காலையில் ஒன்பது மணிதான். வெயில் சாம்பல் நிறத்தில் இருந்தது.

குழலி பத்துப் பதினைந்து பாறை ஏறியிருப்பாள். முழங்காலில் கை ஊன்றி நின்றாள். பத்தடி தள்ளியிருந்தும் விசில் கேட்டது. சட்டைப் பையிலிருந்து இன்ஹேலரை எடுத்துக்கொண்டு ஏறினேன். பத்து மூச்சு, மறுபடி பத்து மூச்சு.

"ஓடாதன்னு சொன்னேன்ல. ஒக்காருடி. ஒக்காந்து ஒக்காந்து போவணும்" என்றாள் அண்ணி கீழேயிருந்து.

குழலி உட்கார்ந்தாள். மூச்சு அடங்கியதும் சொன்னாள். "பெரிம்மா, அங்க நான் ஒக்காரவே மாட்டேன். அம்மாதான் ஒக்காரும். நான் கைய புட்ச்சி தூக்குவேன்."

நானும் குழலியும் கீழே இறங்கி, அண்ணியோடு மணலில் உட்கார்ந்தோம். அண்ணி குழலிக்கு மீனில் முள் எடுத்துப் போட்டுக்கொண்டிருந்தாள். குழலி இரண்டு வாய் சாப்பிட்டுவிட்டு நண்டு வளை பார்க்கப் போனாள்.

"அண்ணி, அவ அப்படி சொல்லல."

"எவ?"

"சினேகா. குழலிய உங்ககிட்ட வுட சொல்லல. நானாத்தான் சொன்னேன்."

முள் எடுத்த கை நின்றது. பிறகு மறுபடி எடுக்க ஆரம்பித்தது. குழந்தை பக்கத்தில் இல்லை, ஆனாலும் எடுத்துத் தட்டின் ஓரத்தில் வைத்துக்கொண்டே இருந்தாள்.

"பொய்யா?"

"பொய்."

"பதினாறு மாசம். தெனம் அத நெனச்சிகினுதான்யா படுக்கறேன். என் மேல கோவம் இல்லாமத்தான் போனா, பெத்தத என்னிய நம்பித்தான் வுட்டுட்டு போனான்னு. படிச்சவன்தான நீ? இது ஒரு பொய்யா? வேற பொய்யே கெடைக்கலியா உனுக்கு?"

அவள் அழவில்லை. மூக்கை மட்டும் புறங்கையால் துடைத்துக்கொண்டாள். குழம்பு ஊற்றி வந்த பாத்திரத்தின் மூடியை எடுத்தாள். மூடியின் மேல் மெல்லிய கறுப்புத் தூள் படிந்திருந்தது. விரலால் வழித்து விரலைப் பார்த்தாள். சேலையில் துடைத்தாள்.

"இப்ப நீ நெசத்த சொல்லாமலே இருந்துருந்தா நான் கொயந்தய வுட்டுருக்க மாட்டேன், தெரியும்ல?"

"தெரியும்."

"கூட்டிகினு போ. ஜூன் வரைக்கும் இன்னாத்துக்கு, பள்ளிகூடம் முட்ச்ச அன்னிக்கே போ. லீவுக்கு லீவு கொண்டாந்து காட்டணும். காட்டலன்னா வந்து வூட்டு வாசல்ல ஒக்காருவேன்."

"சரி அண்ணி."

குழலி தூரத்திலிருந்து ஒரு நண்டைக் காட்டினாள். அண்ணி கையசைத்தாள். கையை இறக்கியதும் கேட்டாள்.

"நெசமா கடைசியா இன்னாதான் சொன்னா? இந்த வாட்டி ஜோடிக்காத. என்ன திட்டியிருந்தாலும் சொல்லு."

சொன்னேன். அன்று லீவில் இரண்டாம் நாள். நடந்து போய் மேலே சாப்பிடலாம் என்று ஏற்பாடு. முந்தைய நாள் நான் மேட்டுப்பாளையம் சந்தையில் சுறா வாங்கி வந்திருந்தேன். புட்டுக்காக வேக வைத்து எடுத்தாள். தோல் உரியவில்லை, மணல் மணலாகச் சதையோடு வந்தது. சூட்டில் விரலை உதறி உதறித் தேய்த்துக்கொண்டிருந்தாள். நான் கதவருகே உட்கார்ந்து குழலிக்கு ஷூ கயிறு கட்டிக்கொண்டிருந்தேன். தோலை எப்படி உரிப்பது என்று அண்ணிக்குப் போன் போட்டுக் கேட்கட்டுமா, நான் போட்டால் எடுப்பாங்க என்றேன். திரும்பிப் பார்க்காமல்தான் சொன்னாள். நான் அடுத்த கயிற்றைக் கட்டும்போது விழுந்தாள்.

"அதான், இன்னா சொன்னா?"

"'வாணாம், அக்கா சிரிக்கும்'னா."