எல்லார் சார்பிலும்

ஓசூர் ஆயத்த ஆடைத் தொழிற்சாலையின் செக்கிங் பிரிவில் வேலை பார்க்கும் நிர்மலாதேவிக்கு வயிற்றில் ஐந்து மாதம். உட்கார்ந்து துணி பார்க்க ஒரு ஸ்டூல் கேட்டாள். சூப்பர்வைசர் தரவில்லை. அந்த வாரமே மேசையருகில் சரிந்து விழுந்தாள். பிள்ளை தங்கவில்லை.

மறுநாள் மாரண்டஹள்ளிக்குத் திரும்பும் கம்பெனி பஸ்ஸில் பெண்கள் எல்லோரும் கொதித்தார்கள். “நீ இங்கிலீஷ் படிச்சவ. பெங்களூர் ஹெட் ஆபீசுக்கு எழுது, அருளு” என்றாள் அருள்ராணியின் பக்கத்து இருக்கைக்காரி சசிகலா. “எங்க பேரெல்லாம் வேணாம். எல்லார் சார்பாவும்னு போட்டுடு.”

அதே செக்கிங் பிரிவில் இருந்த அருள்ராணி பி.ஏ. ஆங்கிலம் முடித்தவள். நிர்மலாதேவியின் வீட்டுக்குப் போய்க் கேட்டாள். “எழுது தாயி. இன்னொருத்திக்கு இப்படி ஆவக்கூடாது” என்றாள் அவள், சுவரைப் பார்த்துக்கொண்டு.

பெண்கள் சொன்னதற்கு மேல் ஒரு வார்த்தை கூட்டாமல் எழுதினாள். கடைசி வரியில் மட்டும் தயங்கினாள். ‘ஃபார்’ என்று போட்டால் அவர்களுக்காகத் தானே பேசுவதுபோல் ஆகிவிடும். பேசுவது அவர்கள், எழுதுவதுதான் இவள். அதனால் எல்லார் சார்பிலும் என்று பொருள்பட ‘ஆன் பிஹாஃப் ஆஃப்’ என்று போட்டாள். பஸ்ஸில் தமிழில் வாசித்துக் காட்டியபோது எல்லோரும் தலையாட்டினார்கள். தன் பெயரை மட்டும் எழுதி மெயில் அனுப்பினாள்.

பெங்களூரிலிருந்து அது நேராக இங்கிருக்கும் எச்.ஆர். மேனேஜர் மாதவராஜிடமே திரும்பி வந்தது.

“இங்கிலீஷ் நல்லாத்தாம்மா இருக்கு. யார் சார்பா எழுதினே?”

“செக்கிங்ல இருக்கற எல்லாரும் சொன்னாங்க சார்.”

அவளை அங்கேயே நிறுத்திவைத்து ஒவ்வொருத்தியாகக் கூப்பிட்டார். தெரியாது என்றார்கள். சசிகலா தரையைப் பார்த்தபடி, “நான் ஒண்ணும் சொல்லலீங்க சார்” என்றாள். நிர்மலாதேவிக்குப் போன் போட்டு ஸ்பீக்கரில் வைத்தார். அவள் கணவனுக்கும் அதே கம்பெனி குடோனில்தான் வேலை.

“நான் யாரையும் எழுதச் சொல்லலீங்க” என்றாள். “எனக்கு ஒடம்பு வீக்குங்க சார். அதனாலதான் அப்படி ஆயிடுச்சு.”

‘நீதானக்கா சொன்னே’ என்று அருள்ராணி கேட்டால் அந்தக் குடும்பத்தில் இன்னொரு வேலையும் போகும்.

பிறர் பெயரைத் தவறாகப் பயன்படுத்தியதாக எழுதி அவளை வேலையிலிருந்து நீக்கினார்கள். அவள் கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டு டவுன் பஸ் பிடித்தாள்.

பத்து நாள் கழித்து சசிகலா போன் செய்தாள். பின்னால் மெஷின் சத்தம்.

“நிர்மலாக்கா வேலைக்கு வந்துடுச்சு அருளு.”

“ஸ்டூல் குடுத்தாங்களா?”

“இல்ல. நின்னுக்கிட்டுத்தான் பாக்குது.” சசிகலா குரலைத் தாழ்த்தினாள். “ஒம்மேல தப்பில்ல. ஆனா இனிமே எங்க யாருக்கும் போன் பண்ணாத. யார் யார் நம்பர் வருதுன்னு ஆபீஸ்ல பாக்கறாங்க.”

“செரி” என்றாள் அருள்ராணி. அதற்குள் சசிகலா போனை வைத்துவிட்டாள்.