சின்னம்மா ரத்தம்

டி. கல்லுப்பட்டிக்குத் தெற்கே பட்டாசு செட்டு வெடித்தபோது உள்ளே எத்தனை பேர் இருந்தார்கள் என்பது முதலாளிக்கே தெரியவில்லை. லைசென்ஸ் இல்லாத செட்டு. வேனில் யார் ஏறுகிறார்களோ அவர்கள்தான் அன்றைக்கு ஆள். ஐந்து உடல்களை எடுத்தார்கள். ஐந்தும் பெண்கள். எங்கள் ஒச்சம்மா அன்று காலையில் அந்த வேனில் ஏறிப் போனவள். திரும்பவில்லை.

மதுரை ஆஸ்பத்திரியில் துணியை விலக்கிக் காட்டினார்கள். கரிக்கட்டைக்கு முகம் ஏது? ஒரே உடலை இரண்டு குடும்பம் கட்டிப்பிடித்து அழுதது. அதைப் பார்த்துவிட்டு அதிகாரி ஒருவர் சத்தம் போட்டார்.

"அடையாளம் சொல்லி யாரும் தூக்கிட்டுப் போகக் கூடாது. பெத்தவங்க ரத்தம் குடுங்க. சோதிச்சு, யாருக்குப் பொருந்துதோ அவங்ககிட்டதான் ஒப்படைப்போம்."

ஊசி போடும் அறைக்கு வெளியே ஒருவர் பேர் எழுதிக்கொண்டிருந்தார். "நீங்க யாரும்மா?" என்றார்.

"ஒச்சம்மாவோட ஆத்தா," என்றாள் என் மனைவி தங்கப்பொண்ணு.

"இவரு?"

"அவ அப்பன்."

ஒச்சம்மா தங்கப்பொண்ணு வயிற்றில் பிறந்தவள் இல்லை. அவள் அக்கா காத்தம்மா பெற்றுப்போட்டுவிட்டு அந்தப் பிரசவத்திலேயே போய்விட்டாள். காத்தம்மா புருஷன் பேயாண்டி முறுக்கு வியாபாரத்துக்கென்று வடக்கே ரயில் ஏறியவன், ஒரு கடுதாசிகூடப் போடவில்லை. கைக்குழந்தையைத் தங்கப்பொண்ணு தூக்கி வந்தாள். எங்கள் பக்கம் அக்கா பிள்ளை, தங்கச்சி பிள்ளை என்று யாரும் பிரித்துப் பேசுவதில்லை. ரேஷன் கார்டிலும் மகள் என்றுதான் இருக்கிறது. ஆகவே யார் என்று கேட்டதும் வாய் தானாக ஆத்தா என்றது. அது சொல்லக்கூடாத பதில் என்று எங்களில் யாருக்கும் உறைக்கவில்லை. நாங்கள் கையை நீட்டினோம், ரத்தம் எடுத்தார்கள்.

முடிவு வர மாதங்கள் ஆயின. நாலு உடல் நாலு வீட்டுக்குப் போயிற்று. எங்களைக் கூப்பிட்டு, "ஒங்க மக இதுல இல்ல. அஞ்சாவது உடம்பு ஒங்களுக்குப் பொருந்தல," என்றார்கள்.

தங்கப்பொண்ணு அந்த இடத்திலேயே தரையில் உட்கார்ந்து சிரித்தாள். "கழுத! எங்கனயோ ஓடிப்போயிட்டா பாத்தியா! வேன விட்டு எறங்கிப் போயிருக்கா!"

பக்கத்து வீட்டுக் காசிமாயனும் தன் பங்குக்கு, "திருப்பூர் பஸ்சுல அவ சாடையில ஒரு பிள்ளையப் பாத்தேன் மாப்ள," என்று சொல்லி வைத்தான். அவ்வளவுதான். பனியன் கம்பெனிக்குத்தான் போயிருக்கிறாள் என்று தங்கப்பொண்ணு முடிவு கட்டிவிட்டாள். வாராவாரம் ஆரப்பாளையம் பஸ் ஸ்டாண்டுக்குப் போய், திருப்பூர் வண்டியிலிருந்து இறங்குகிற பெண்களின் முகங்களைப் பார்த்துவிட்டு வருவாள். வீட்டுக்கு வந்து, "வரட்டும், வெளக்குமாறு பிஞ்சிரும்," என்பாள். நானும் நம்பினேன். நம்புவதற்கு என்ன வலி?

யாரும் கேட்டு வராத அந்த ஐந்தாவது உடலை நகருக்கு வெளியே அரசாங்கமே புதைத்தது. அதில் ஒரு சில்லு எலும்பை மட்டும் சோதனைக்கென்று எடுத்து வைத்திருந்தார்கள்.

அடுத்த வருடம் எனக்கு நாகமலை புதுக்கோட்டைப் பக்கம் வேலை. பல்கலைக்கழகத்தில் ஒரு கட்டடத்துக்கு மேல்மாடி எடுத்துக்கொண்டிருந்தோம். நான் கலவை போடுகிற ஆள். கீழே ஆராய்ச்சிக்கூடம். தண்ணீர் பிடிக்க அங்கேதான் போக வேண்டும். ஆன்மேரி என்று ஒரு பெண் அங்கே படித்துக்கொண்டிருந்தாள், மிஷன் பள்ளிக்கூடத்து டீச்சர் மகள். ஒருநாள் ஜன்னல் வெளிச்சத்தில் ஒரு பிலிமைப் பிடித்துப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

"என்ன தாயி, எக்ஸ்ரேயா? யாருக்குக் கை ஒடைஞ்சிருச்சு?"

"கை இல்லண்ணே. இது ஒரு அம்மா, அப்பா, பிள்ளை, மூணு பேரோட டி.என்.ஏ."

அந்தப் பெயரை ஆஸ்பத்திரியில் கேட்டிருந்தேன். வாளியைக் கீழே வைத்தேன்.

"ரத்தம், மயிரு, எலும்பு, எங்க எடுத்தாலும் உள்ள இருக்கிறது ஒரே எழுத்துதாண்ணே," என்றாள். "நாலே நாலு எழுத்து மாறி மாறி, பெரிய புஸ்தகமா ஓடும்."

"நாலே எழுத்தா? அறிவொளி வகுப்புல இருநூத்திச் சொச்சம் எழுத வச்சு எங்க உசுர வாங்கினாங்களே."

அவள் சிரித்துவிட்டாள். "முக்காலே மூணு வீசம் எல்லாருக்கும் ஒன்னுதான். சில எடத்துல மட்டும் ஒரே சொல்லு திரும்பத் திரும்ப வரும். ஒங்களுக்கு அது பத்து தடவ வந்தா எனக்குப் பதினாலு தடவ. அந்த எடத்த மட்டும் துண்டா எடுத்து, கடல்பாசி காய்ச்சி ஒறைய வச்ச மாதிரி ஒன்னுல விட்டுக் கரண்டு குடுத்தா, குட்டைத் துண்டு முன்னால ஓடிரும். நெட்டை பின்தங்கிரும். நின்ன எடம்தான் இந்தக் கோடு."

பிலிமில் ஏணிப்படி மாதிரி கறுப்புக் கோடுகள். பிள்ளையின் ஏணியில் ஒவ்வொரு இடத்திலும் இரண்டு படி. ஒன்று அம்மாவிடம் இருந்தது. மற்றது அப்பாவிடம் இருந்தது. விரல் வைத்துக் காட்டினாள். என் கண்ணுக்கே தெரிந்தது.

"கொலை கேசு, யாரு பிள்ளைங்கற வழக்கு, எரிஞ்சு போன உடம்பு, எல்லாத்துக்கும் இப்ப இதாண்ணே சாட்சி. பெத்தவங்ககிட்ட இல்லாத கோடு பிள்ளைகிட்ட வராது."

"பெக்காம வளத்திருந்தா?"

"வளத்தாக் கோடு வராதுண்ணே," என்று சிரித்தவள் என் முகத்தைப் பார்த்ததும் நிறுத்திக்கொண்டாள்.

எல்லாவற்றையும் சொன்னேன். அவள் பிலிமை மேசையில் வைத்தாள். பிறகு, அம்மா வழியாக மட்டும் இறங்குகிற எழுத்து ஒன்று தனியாக இருக்கிறது, அக்காளுக்கும் தங்கைக்கும் அக்காள் பிள்ளைக்கும் அது ஒன்றாகவே இருக்கும், அந்தச் சோதனைக்கு எலும்பை வடக்கே அனுப்ப வேண்டும் என்றாள். "ஆனா நீங்க பெத்தவங்க இல்ல, சின்னம்மான்னு எழுதிக் குடுக்கணும்ணே."

சாயங்காலம் தங்கப்பொண்ணிடம் சொன்னேன். அடுப்பில் இருந்து தலையைத் தூக்காமல் கேட்டாள்.

"அவ செத்துட்டான்னு தெரிஞ்சுக்கிறதுக்கு, நான் அவளுக்கு ஆத்தா இல்லன்னு சர்க்காரு கச்சேரியில சொல்லணும். அப்படித்தான?"

"அப்படித்தான்."

"நீ போயி ஒன் சிமிட்டிய மிதிய்யா."

அதோடு என்னிடம் பேச்சை விட்டாள். ஆனால் ஆரப்பாளையம் போவதும் நின்றுபோனது. மழை பெய்து ஓய்ந்த ஒருநாள் யாரிடமும் சொல்லாமல் எங்கேயோ போய்விட்டுக் காலெல்லாம் சேறாக வந்தாள்.

"அந்த அஞ்சாவது குழி மேல குச்சி நட்டிருக்காங்க. அதுல நம்பரு மட்டும் இருக்கு. மண்ணு அம்புட்டும் கரைஞ்சு கெடக்கு," என்றாள். சேலையைக்கூட மாற்றவில்லை. "நாளைக்குப் போவம். அவளா இருந்தா நம்ம காட்டுல கொண்டாந்து வப்போம்."

எழுதிக் கொடுத்தோம். "ஒச்சம்மா என் அக்காள் மகள்" என்று எழுதியவர் வாசித்துக் காட்டியபோது, மை தடவிய பெருவிரலை அவள் கொஞ்ச நேரம் காற்றிலேயே வைத்திருந்தாள். பிறகு அழுத்தினாள்.

இந்த முறை பொருந்தியது.

கூப்பிட்டுச் சொன்னவர் நல்ல மாதிரியாகத்தான் சொன்னார். தண்ணீர்கூடக் கொடுத்தார். உடலைத் தோண்டி எடுத்துக்கொள்கிறோம் என்று நான் கேட்டதும் அவர் குரல் மாறியது.

"அதுக்கு வாரிசு வேணும். நீங்க சின்னம்மாதான? பெத்த தகப்பன் கையெழுத்து வேணும். இல்லாட்டி அவரு செத்துட்டாருன்னு சர்டிபிகேட் வேணும்."

"கார்டுல எங்க மகள்னுதான சார் இருக்கு?"

"அது கார்டு. இது ரத்தம். நீங்களே எழுதிக் குடுத்திருக்கீங்களே, பெத்தவங்க இல்லன்னு."

"அவன் இருக்கானா செத்தானான்னே தெரியாது சார்."

"தெரியிற வரைக்கும் அங்கனயே இருக்கட்டும். யாரு தூக்கிட்டுப் போகப்போறா?"

தங்கப்பொண்ணு எழுந்து மேசைக்குப் பக்கத்தில் போனாள்.

"மொதல்ல என் மகள்னேன், இல்லன்னீங்க. அக்கா மகள்னேன், ஆமான்னீங்க. ஆமான்னு சொல்லிப்புட்டு எனக்கு இல்லன்னா, நான் இனிமே என்னன்னு சொல்லிக் கேக்குறது சார்?"

அவர் பேனா மூடியைத் திருகிக்கொண்டிருந்தார். பக்கத்து மேசையில் யாரோ டீ சொன்னார்கள்.

ஊருக்குப் போக ஆரப்பாளையத்தில்தான் பஸ் ஏற வேண்டும். பெஞ்சில் உட்கார்ந்தோம். அவள் முந்தானையை மடியில் போட்டு மடிப்பதும் பிரிப்பதுமாக இருந்தாள். பேயாண்டியைத் தேடி எந்த ஊருக்குப் போவது, யாரிடம் விசாரிப்பது என்று யோசித்துப் பார்த்தேன். அவன் முகம்கூட எனக்குச் சரியாக நினைவு வரவில்லை.

திருப்பூர் வண்டி வந்து எங்களுக்கு எதிரே நின்றது. பையும் தூக்குச்சட்டியுமாகப் பெண்கள் ஒவ்வொருத்தியாக இறங்கினார்கள். தங்கப்பொண்ணு தலையைத் தூக்கிப் பார்க்கவில்லை.