ஒரு பக்கம் மூடிக் கிடக்குதுங்க

புருசன் காளியண்ணன் குடிக்கிறான்னு பாவாயிக்கு ஆடி மாசத்துலேருந்தே நிச்சயம். சொம்புல ஊத்தற தண்ணி தரையில போகுது, வாசப்படி காலைத் தட்டுது. திட்டித் தீர்த்தா. காளியண்ணன் வாயே திறக்கல. வாயில நாத்தமும் இல்ல. மறைக்கப் பழகிட்டான்னு அதுக்கும் சேர்த்துத் திட்டினா.

குருவி பார்க்க வந்து அவங்க ஊட்டுல தங்கியிருந்தாரு சுதாகர். நேத்து சாயங்காலம் தன்னோட பைனாகுலரைக் காளியண்ணன் கையில கொடுத்தாரு. அவன் வெச்சுப் பார்த்துட்டு, "ஒரு பக்கம் மூடிக் கிடக்குதுங்க"ன்னு திருப்பிக் கொடுத்துட்டான். விளையாட்டுக்குச் சொல்றான்னு அவரு சிரிச்சாரு.

இன்னிக்குக் காலையில அவரு அருவிக்குக் குளிக்கப் போன நேரம், பாவாயி அந்த பைனாகுலரை எடுத்துக் கண்ணுல வெச்சா. ரெண்டு பக்கமும் பளிச்சுன்னு தெரிஞ்சுது. எந்தப் பக்கம் மூடியிருக்குது? ஒவ்வொரு கண்ணா மூடிப் பார்த்தா. எதுவும் மூடல.

பள்ளத்துக்கு அந்தாண்ட, சில்வர் ஓக் மரத்துல படர்ந்த கொடியிலேருந்து காளியண்ணன் கூலிக்கு மிளகு பறிச்சுக்கிட்டிருந்தான். நாப்பது அடி உசரம். கணுவுல கால் வெச்சு ஏறற ஒத்தை மூங்கில்தான் ஏணி. பாவாயி பைனாகுலரை அங்க திருப்பினா. கொத்துக்குக் கை நீட்டினான். ஒரு சாண் முன்னாலயே விரல் மூடிக்கிச்சு. மறுபடி நீட்டினான், இந்தத் தடவ தாண்டிப் போச்சு. அட பாவி மனுசா, இது குடி இல்ல, கண்ணு!

கூப்பிட வாயைத் திறந்தவ பொத்திக்கிட்டா. மரத்துல நிக்கறவனைக் கீழயிருந்து கூப்பிடக் கூடாது, திரும்பினா கால் தவறும்னு மலையில எல்லாருக்கும் தெரியும். பள்ளத்துல இறங்கி ஓடினா. ஓடறப்போ மரம் கண்ணுக்குத் தெரியல, அதுதான் பெரிய கொடுமை. எதாச்சும் விழற சத்தம் கேட்குதான்னு காதைத் தீட்டிக்கிட்டே ஓடினா.

போய்ச் சேர்ந்தப்போ அவன் இறங்கிக்கிட்டிருந்தான். ஒரு கால் கணுவைத் தேடிக் காத்துல துழாவுது. இவ மூங்கிலைக் கட்டிப் பிடிச்சுக்கிட்டா. தலைக்கு மேல வந்த பாதத்தைப் பிடிச்சுக் கணு மேல வெச்சா.

தரைக்கு வந்ததும் அவனோட இடது கண்ணைப் பொத்தினா. "என்ன கலர் சேலைங்க?"

"பச்சை."

வலது கண்ணைப் பொத்தினா. அவன் கை நீட்டிச் சேலையைத் தடவிப் பார்த்தான்.

"குடின்னு அத்தனை திட்டினேனே. ஒரு வார்த்தை சொல்லக் கூடாதுங்களா?"

"குடிகாரனையாச்சும் மரமேறக் கூப்பிடுவாங்க புள்ள. ஒத்தக் கண்ணனை யாரு கூப்பிடுவா?" காளியண்ணன் கூடையை எடுத்தான். "இன்னும் நாலு மரம் கிடக்குது."

பாவாயி மூங்கிலைப் பிடிச்சு ஒரே தள்ளாத் தள்ளினா. மிளகுக் கொடியையும் இழுத்துக்கிட்டு அது சடசடன்னு விழுந்துச்சு. அது மேலயே உட்கார்ந்துக்கிட்டா.

"இப்ப ஏறுங்க, பார்க்கலாம்."