கபர்ஸ்தான் கம்ப்யூட்டரின் தேதி

பழைய கம்ப்யூட்டரைக் கட்டிக்கொண்டு அழுகிறவர்களைக் கண்டால் எனக்குப் பொறுமை போய்விடும். ஸ்ரீரங்கத்தில் அம்மா மண்டபம் ரோட்டில் பதினெட்டு வருஷமாக சர்வீஸ் கடை வைத்திருக்கிறேன். "ரஞ்சனி மேடம், இந்த சாஃப்ட்வேர் மட்டும் எப்படியாவது புது சிஸ்டத்துல ஓடணும்" என்று வருகிறவர்களில் பாதிப் பேருக்கு அது தேவையே இல்லை. பழகிப்போன நீலத் திரையை விட மனசில்லை, அவ்வளவுதான். மூஞ்சிக்கு நேராகவே சொல்லிவிடுவேன். அதனால் எனக்கு வாய்த்துடுக்கு என்று ஒரு பெயரும் உண்டு.

போன அக்டோபரில் பாலக்கரையிலிருந்து பரக்கத் அலி கூப்பிட்டபோதும் அப்படித்தான் நினைத்தேன். அங்கே ஒரு சின்னப் பள்ளிவாசலின் ஜமாத் செயலாளர் அவர். பள்ளிவாசலை ஒட்டியே அவர்களுடைய கபர்ஸ்தான். யாரை எந்த வரிசையில், எத்தனையாவது குழியில், எந்தத் தேதியில் அடக்கம் செய்தார்கள் என்ற விவரம் முழுக்க ஒரு விண்டோஸ் 98 கம்ப்யூட்டரில் இருந்தது.

"தேதி நிக்க மாட்டேங்குது மேடம். எந்த அடக்கச் சீட்டை எடுத்தாலும் 2023-னு அடிக்குது. எங்க ஹபீபுல்லா பாய் பேனாவால அடிச்சுத் திருத்தி, சீல் வச்சுக் குடுக்கிறாரு. போன மாசம் ஒரு ஆபீஸ்ல அடிச்சுத் திருத்தினதை வாங்க மாட்டோம்னுட்டாங்க. அதான் புது கம்ப்யூட்டர் வாங்கிட்டோம். பழைய புரோகிராமை அதுல ஓட வச்சுக் குடுத்துடுங்க."

"பேட்டரி போயிருக்கும் பாய். நாணயம் மாதிரி ஒரு பேட்டரி உள்ள இருக்கும். இதுக்குப் போய் புது கம்ப்யூட்டரா?"

"வாங்கியாச்சு மேடம்" என்றார் பாவமாக.

மறுநாள் காலை ஸ்கூட்டரை எடுத்துக்கொண்டு காவிரிப் பாலம் தாண்டிப் போனேன். எதற்கும் இருக்கட்டும் என்று பையில் ஒரு பேட்டரியும் போட்டுக்கொண்டேன். பள்ளிவாசலின் தெருப் பக்கத்து அறைதான் ஆபீஸ். உள்ளே ஹபீபுல்லா பாய் இருந்தார். எழுபத்தொரு வயது, ஒல்லியான உடம்பு, இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டை, பையில் நீலப் பேனா. இருபத்தாறு வருஷமாக அந்த நாற்காலி அவருடையது. நான் ஸ்க்ரூ டிரைவரை எடுத்ததும் அவர் முகம் மாறியது.

"அதை எதுக்கும்மா திறக்கறீங்க? அது பாட்டுக்கு ஓடிட்டுத்தானே இருக்கு."

"தேதி ஓடலையே பாய்."

சரி, கிழவருக்கு மெஷின் மேல் பாசம் என்று விட்டுவிட்டு முதலில் புரோகிராமைக் காப்பி எடுத்தேன். ஹார்ட் டிஸ்கைக் கழற்றி, ஒரு அடாப்டர் கேபிளை மாட்டி, புதுக் கம்ப்யூட்டரில் செருகினேன். மொத்தமே ஒரு பாட்டுப் பைல் அளவுகூட இல்லை. புரோகிராமின் பேரில் கிளிக் செய்தேன். இந்தக் கம்ப்யூட்டரில் இது ஓடாது என்று பட்டென்று ஒரு பெட்டி வந்தது. எதிர்பார்த்ததுதான். டாஸ் காலத்துப் புரோகிராமைப் புது விண்டோஸ் ஏறெடுத்தும் பார்க்காது. இதற்கென்று ஒரு எமுலேட்டர் இருக்கிறது. புதுக் கம்ப்யூட்டருக்குள்ளேயே பழைய கம்ப்யூட்டர் மாதிரி நடித்துக் காட்டும். புரோகிராம் அதை நம்பி ஓடும். இலவசமாகவே கிடைக்கிறது.

அதை இறக்கி ஓட வைக்க அரை மணி நேரம்தான் ஆனது. பிரின்டர்தான் உயிரை எடுத்தது. அவர்களுடைய டாட் மேட்ரிக்ஸ் பிரின்டரின் பெரிய பிளக்கைச் செருகப் புதுக் கம்ப்யூட்டரில் ஓட்டையே கிடையாது. மலைக்கோட்டைப் பக்கம் ஒரு கடையில் மாற்றுக் கேபிள் வாங்கி வந்து, அதற்கும் புரோகிராமுக்கும் சமாதானம் செய்து வைப்பதற்குள் பொழுது போய்விட்டது.

அந்த நேரத்தில்தான் பரக்கத் அலி எதிரில் உட்கார்ந்து புரோகிராமின் கதையைச் சொன்னார். 1999-இல் பாலக்கரையில் கம்ப்யூட்டர் சென்டர் வைத்திருந்த பீமராவ் என்பவர் எழுதிக் கொடுத்தது. சின்ன இடம், நிறையக் குடும்பங்கள். அதனால் ஒரு கபருக்கு இருபது வருஷம் ஆனால், அதே இடத்தில் இன்னொருவரை அடக்கம் செய்யலாம் என்று ஜமாத்தில் விதி. எந்தெந்தக் கபருக்கு இருபது வருஷம் முடிந்தது என்று புரோகிராமே பட்டியல் போடும், பழையது மேலே இருக்கும். மௌத்து விழுந்தால், அதாவது யாராவது இறந்தால், பட்டியலில் முதலில் இருக்கும் இடத்தைத்தான் கொடுக்க வேண்டும். அந்தக் குடும்பத்தின் கபரே பட்டியலுக்கு வந்து, யாரும் தொடாமல் இருந்தால் மட்டும் அதைக் கேட்டு வாங்கிக்கொள்ளலாம். முன்கூட்டியே யாரும் பிடித்து வைக்க முடியாது. சிபாரிசு கிடையாது.

"நல்ல ஏற்பாடு" என்றேன். உண்மையாகவே அப்படித்தான் தோன்றியது.

"நல்லாத்தான் இருந்துச்சு. இப்ப பட்டியலே காலி மேடம். ரெண்டரை வருஷமா ஒரு இடமும் வரல. சுவரோரம் கொஞ்சம் புது இடம் இருந்துச்சு, அதுவும் ரம்ஜானோட தீந்துபோச்சு. அதுக்கப்புறம் பதினோரு மையித்தை ஊருக்கு வெளியில இருக்கிற கபர்ஸ்தானுக்கு அனுப்பிட்டோம். கம்ப்யூட்டரே இடமில்லைங்குது, நாம என்ன பண்றது?"

ஹபீபுல்லா பாய் ஜன்னல் பக்கம் திரும்பி உட்கார்ந்திருந்தார்.

மறுநாள் பத்து மணிக்குப் போனேன். பரக்கத் அலி கோர்ட் வேலையாகப் போயிருந்தார், ஹபீபுல்லா பாய் மட்டும் இருந்தார். பிரின்டர் ஒழுங்காக அடித்தது. முடிந்தது என்று எழப்போனவள், வம்பாக, பழைய பெட்டியை மறுபடி திறந்தேன். பேட்டரிதான் என்று போனிலேயே சொன்னேனே, அது சரியா என்று தெரிந்துகொள்ளாவிட்டால் எனக்குத் தூக்கம் வராது.

பேட்டரி புதிது. மேலே மாற்றிய தேதியை யாரோ நீலப் பேனாவால் எழுதியிருந்தார்கள். ஆறு மாதம்கூட ஆகவில்லை.

பேட்டரி நன்றாக இருந்தால் தேதி எப்படிப் பின்னால் போகும்? கம்ப்யூட்டர் எழுந்திருக்கும்போது முதலில் படிக்கும் பைல் ஒன்று உண்டு. காப்பி எடுத்து வைத்திருந்ததைத் திறந்து பார்த்தேன். பீமராவ் எழுதிய நாலு வரிக்குக் கீழே ஐந்தாவதாக ஒரு வரி இருந்தது. தேதியை மாற்றச் சொல்லும் கட்டளை. 2023 மார்ச் 11. தினமும் காலையில் சுவிட்சைப் போட்டதும் அந்த மெஷினுக்கு அதே மார்ச் 11 விடிந்திருக்கிறது.

எனக்கு அப்போதும் முழுதாகப் புரியவில்லை. எமுலேட்டருக்குப் போய்ப் பட்டியலைக் கேட்டேன். அது புதுக் கம்ப்யூட்டரின் சரியான தேதியைப் பார்த்துக் கணக்குப் போட்டது. காலியாக இருக்க வேண்டிய பட்டியலில் இருபத்து மூன்று பெயர்கள் வந்தன. முதல் பெயர் ஜஹானாரா. மூன்றாவது வரிசை, பதினாலாம் எண். கணவர் பெயர் ஹபீபுல்லா. அடக்கமான தேதி 2003 மார்ச் 12.

இருபது வருஷத்துக்கு ஒரு நாள் குறைவாக மெஷினை நிறுத்தி வைத்திருக்கிறார்.

எனக்குக் கோபம்தான் வந்தது. நாற்காலியைத் திருப்பிப் போட்டு அவர் எதிரில் உட்கார்ந்தேன்.

"பாய், இடம் இருந்திருக்கு. பதினோரு குடும்பம் செத்தவங்களைத் தூக்கிக்கிட்டு ஊருக்கு வெளியில போயிருக்கு. உங்களுக்குத் தெரிஞ்சே போயிருக்கு."

அவர் மறுக்கவில்லை. "முதல்ல போனது தையற்கார உஸ்மானோட வாப்பா" என்று ஆரம்பித்து பதினோரு பெயரையும் வரிசையாகச் சொன்னார். எதையும் பார்த்துப் படிக்கவில்லை. "ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் அந்தப் பதினோரு பேருக்கும் துஆ கேக்கறேன். அதனால சரியாப் போயிடும்னு சொல்ல வரல."

"கமிட்டியில சொல்லிக் கேட்டிருக்கலாமே. இத்தனை வருஷம் வேலை பார்த்த மனுஷன், ஒரு இடத்தை விட்டுக்குடுக்க மாட்டாங்களா?"

"எந்த வாயை வச்சுக் கேக்கறது?" அவர் சிரித்தது பார்க்க நன்றாக இல்லை. "அப்பல்லாம் பெரிய குடும்பத்துக்காரங்க மரத்தடி இடத்தையெல்லாம் பிடிச்சு வச்சுக்குவாங்க. இல்லாதவங்களுக்குத் தண்ணி தேங்குற மூலைதான். கூட்டத்துல எந்திரிச்சு நின்னு சண்டை போட்டது நான்தாம்மா. யாருக்கும் பிடிச்சு வைக்கக் கூடாது, மெஷின் சொல்ற இடம்தான்னு விதி எழுதினது நான். பீமராவைக் கூட்டிட்டு வந்ததும் நான்."

அவர் நாற்காலியை என் பக்கம் இழுத்துப் போட்டுக்கொண்டார்.

"அவளோட கபர்லயே என்னையும் வைக்கணும்னு ஆசை. வேற ஒண்ணும் இல்ல. நான் மௌத்தானா அந்த ஒரு வரியை அழிச்சிட்டு மெஷினை ஸ்டார்ட் பண்ணுன்னு ஜமீல்கிட்ட சொல்லி வச்சிருக்கேன், என் தங்கச்சி மகன். அப்ப அவ பேரு மேல வரும், விதிப்படியே எனக்குக் கிடைக்கும். ரொம்ப நாள் ஆகாதுன்னுதான் நெனச்சேன். நெஞ்சுல ரெண்டு ஸ்டென்ட் இருக்கு. இவ்வளவு நாள் தாங்கும்னு டாக்டரே நெனைக்கல." பேனாவை எடுத்து மூடியைத் திருகினார். "புதுசுலயும் அந்த வரியைப் போட்டுக் குடுங்கம்மா. போட முடியும்தானே?"

முடியும். எமுலேட்டருக்கும் அப்படி ஒரு பைல் இருக்கிறது, பத்து வினாடி வேலை. அவரைப் பார்க்கப் பாவமாக இருந்தது. அந்தப் பதினோரு பெயரும் காதில் இருந்தன. போட்டுக் கொடுத்துவிட்டு ஸ்கூட்டரை எடுத்துக்கொண்டு ஓடிவிடலாமா என்று நிஜமாகவே நினைத்தேன்.

"நான் போட மாட்டேன் பாய். நீங்க போடறதைத் தடுக்கவும் மாட்டேன். உங்க ஜமாத், உங்க விதி." பைலைத் திறந்து, கடைசி வரியின் கீழே கர்சரை வைத்துவிட்டு எழுந்துகொண்டேன்.

அவர் வந்து உட்கார்ந்தார். ஒற்றை விரலால், எழுத்தைத் தேடித் தேடி அடித்தார். கம்ப்யூட்டரைப் பற்றி அவராகக் கற்றுக்கொண்டது அந்த ஒரு கட்டளைதான் போலிருக்கிறது, ஒரு தப்பும் வரவில்லை. சேவ் செய்தார். நான் கேபிள்களைப் பையில் போட ஆரம்பித்தேன்.

அப்போதுதான் காக்கிச் சட்டையோடு ஒருவர் வாசலில் செருப்பைக் கழற்றினார். ஆட்டோ ஓட்டுகிற கலீம், இரண்டு தெரு தள்ளி வீடு. கண் சிவந்திருந்தது.

"அம்மா மௌத்தாயிட்டாங்க பாய். காலையில ஏழு மணிக்கு."

"இன்னா லில்லாஹி" என்றார் ஹபீபுல்லா பாய். "ஜைத்தூன் பீவியா? வெள்ளிக்கிழமைகூடப் பார்த்தேனே."

"தூக்கத்துலயே போயிட்டாங்க. இங்க இடம் இல்லைன்னு தெரியும் பாய். வெளியில இருக்கிற கபர்ஸ்தானுக்கு நீங்க லெட்டர் குடுத்தாத்தான் வாங்குவாங்களாம். அதை வாங்கிட்டுப் போகத்தான் வந்தேன். அஸர் தொழுகைக்குள்ள முடிக்கணும்."

இடம் இருக்கிறதா என்று அவர் கேட்கக்கூட இல்லை. அதுதான் என்னால் தாங்க முடியவில்லை. நான் வாயைத் திறக்கவில்லை. என் வாழ்க்கையில் நான் வாயை மூடிக்கொண்டிருந்த சில சமயங்களில் அது ஒன்று.

ஹபீபுல்லா பாய் மேஜை டிராயரிலிருந்து ஜமாத்தின் லெட்டர் பேடை எடுத்தார். மேல் தாளில் தேதி எழுதப் பேனாவை வைத்தார். எழுதவில்லை. பேடை மறுபடி டிராயரில் போட்டு மூடினார்.

"உட்காரு கலீம்" என்றார்.

கம்ப்யூட்டர் பக்கம் திரும்பினார். மூடிய பைலைத் திறக்க அவருக்குத் தெரியவில்லை, என்னைப் பார்த்தார். நான் போய்த் திறந்து கொடுத்தேன். சற்றுமுன் அடித்த வரியின் கடைசியில் கர்சரை வைத்து, ஒவ்வோர் எழுத்தாக அழித்தார். சேவ் செய்தார். புரோகிராமைத் திறந்து பட்டியலைக் கேட்டார். இருபத்து மூன்று பெயர்களும் வந்தன. முதல் பெயரை இரண்டு மூன்று வினாடி பார்த்திருப்பார். பிறகு அதைத் தேர்ந்தெடுத்து, கீழே ஜைத்தூன் பீவி என்று அடித்தார்.

"இடம் வந்திருக்கு. மூணாவது வரிசை, பதினாலு. வேப்பமரத்துக்கு நேரா. குழி வெட்டுற நஸ்ருல்லாவை இப்பவே ஆரம்பிக்கச் சொல்லு."

கலீமுக்கு நம்பிக்கை வரவில்லை. "இங்கயேவா பாய்? நெஜமாவா?"

"இங்கயேதான். நஸ்ருல்லாகிட்ட ஒண்ணு சொல்லு. மெதுவா வெட்டணும். உள்ள என்ன கிடைச்சாலும் வெளிய போடாம, அதே குழியில ஓரமா மண்ணு மூடி வைக்கணும். அவனுக்குத் தெரியும். இருந்தாலும் நான் சொன்னேன்னு சொல்லு."

கலீம் அவர் கையைப் பிடித்துக்கொண்டு அழுதார். ஹபீபுல்லா பாய் அவர் முதுகைத் தட்டிக் கொடுத்தார். பரக்கத் அலி வந்து கேட்டால் எல்லாம் பேட்டரியால் வந்த வினை என்று சொல்லிவிடுவது என்று அப்போதே முடிவு செய்தேன்.

பிரின்டர் கடகடவென்று அடக்கச் சீட்டை அடித்து வெளியே தள்ளியது. அவர் அதைக் கிழித்து மேஜையில் வைத்து, பழக்கத்தில் நீலப் பேனாவின் மூடியைக் கழற்றினார். தேதியின் மேல் கோடு போடக் குனிந்தவர் நின்றார். அன்றைய தேதி, அன்றைய வருஷம், எல்லாம் சரியாக இருந்தது. பேனாவை மூடிச் சட்டைப் பையில் செருகிக்கொண்டு, சீலை மட்டும் வைத்துக் கலீமிடம் கொடுத்தார்.