குடிக்காதவரின் வயிற்றுவலி

முடிதிருத்துபவருக்கு வலி வந்தால் நேரங்காலம் பார்க்காது. பாதி முகம் நுரையோடு உட்கார்ந்திருக்கும் ஆளை அப்படியே விட்டுவிட்டு, கத்தியை மட்டும் பத்திரமாக மடக்கி வைத்துவிட்டு, கடையின் பின்பக்கம் போய் முழங்காலைக் கட்டிக்கொண்டு குந்திவிடுவார். மேல்வயிற்றில் கிளம்பி முதுகைத் துளைக்கும் வலி. சாப்பிட்டால் கூடியது. சோற்றைக் கண்டாலே பயந்தார். ஆறே மாதத்தில் ஆள் பாதியாகிவிட்டார். பேன்ட் இடுப்பில் நிற்க மாட்டேன் என்றது.

மனைவிக்குக் காரணம் தெரிந்துவிட்டது. அதாவது, தெரிந்துவிட்டதாக நினைத்தாள். இந்த மனிதர் மறுபடியும் குடிக்கிறார்.

ஒன்பது வருஷத்துக்கு முன்னால் இதே வலியோடு அவர் பத்து நாள் ஆஸ்பத்திரியில் கிடந்தார். "இனிமே குடிச்சா கணையம் தாங்காது" என்று சொல்லி அனுப்பினார்கள். அன்றைக்கே அவள் பேசி முடித்தாள். "குடியை விட்டுடுங்க. சிகரெட்டைப் பத்தி நான் வாயே தொறக்க மாட்டேன். நானே வாங்கித் தர்றேன்."

அவர் விட்டார். அவளும் சொன்ன சொல் தவறவில்லை. தினமும் காலையில் பால் வாங்கப் போகும்போது பத்துப் பத்தாக இரண்டு பாக்கெட் வாங்கி வந்து, தன் கையாலேயே அவர் சட்டைப்பையில் வைப்பாள். அக்கம்பக்கத்தில் யாராவது கேலி செய்தால், "புகைதானே, போயிட்டுப் போகுது. குடிக்கலையே!" என்பாள். அதில் அவளுக்குக் கொஞ்சம் பெருமையும் உண்டு.

இப்போது அந்தப் பெருமை போன இடம் தெரியவில்லை. அவர் வீட்டுக்குள் நுழைந்ததும் வழிமறித்தாள்.

"ஊதுங்க."

"ஊதிட்டேன்."

"சிகரெட் நாத்தத்துல அதை மறைச்சா எனக்குத் தெரியாதா?"

"குடிக்கலைடி. பொண்ணு மேல சத்தியம்."

"அவளை ஏன் இழுக்கறீங்க?"

ஒருநாள் கடைக்கே போய், சவரக் கத்தியைத் துடைக்கும் ஸ்பிரிட் பாட்டிலை முகர்ந்து பார்த்து, அளவுக்குப் பேனாவால் கோடு போட்டுவிட்டு வந்தாள். நாற்காலியில் இருந்தவர் கண்ணாடி வழியாகப் பார்த்துச் சிரித்தார். கணவர் சிரிக்கவில்லை. அவள் திரும்பிப் பார்க்காமல் நடந்தாள். வீடு வரும்வரை அழுதாள்.

கடைசியில் அண்ணனுக்குப் போன் போட்டாள். வெள்ளிக்கிழமை வந்து அவளையும் மகளையும் கூட்டிப் போவதாக ஏற்பாடு. கணவரிடம் ஒரே வார்த்தைதான் சொன்னாள். "நீங்க குடிக்கலைன்னு டாக்டரம்மா சொல்லட்டும், இருக்கேன். இல்லேன்னா கிளம்பறேன்."

வியாழக்கிழமை இருவரும் டாக்டரின் மேஜைக்கு முன்னால் உட்கார்ந்தார்கள். டாக்டரம்மா ஸ்கேன் படத்தை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார்.

"கணையத்துல அழற்சி முத்திப் போச்சு. உள்ளே கல்லு படிஞ்சிருக்கு."

"குடிதானே டாக்டர்? மறைக்காம சொல்லுங்க."

"ரத்தத்துல அதுக்கும் சேர்த்துப் பார்த்துட்டோம். சமீபத்துல குடிச்ச தடயமே இல்லைம்மா."

மனிதர் நிஜமாகவே குடிக்கவில்லை. ஆறு மாதமாக அவரை வாசலில் நிற்கவைத்து மோப்பம் பிடித்ததை நினைத்தபோது எங்கே போய் முகத்தை வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை. ஆனாலும் உள்ளுக்குள் ஒரு பாரம் இறங்கியது. மகளின் துணிமணியைப் பெட்டியிலிருந்து எடுத்துவிடலாம்.

"அப்போ ஏன் டாக்டர் இப்படி வலிக்குது?"

"முன்னே குடிச்சதுல அடிபட்ட கணையம். குடியை விட்டது நல்லது. சிகரெட்டையும் விட்டிருக்கணும். அது தனியாவே கணையத்தைக் கெடுக்கும். ஏற்கெனவே கெட்டதை இன்னும் வேகமா முத்த வைக்கும். இப்போ விட்டாலும் போனது திரும்பாது. மேற்கொண்டு கெடறதைக் குறைக்கலாம்." டாக்டர் பேனாவை எடுத்தார். "ஒரு நாளைக்கு எத்தனை பிடிக்கறீங்க?"

"இருபது."

"இத்தனை வருஷமாவா? வீட்டுல யாரும் தடுக்கலையா?"

அவள் வாயைத் திறந்தாள். அதற்குள் கணவர் முந்திக்கொண்டார்.

"அவ தலைபாடா அடிச்சுக்கிட்டா டாக்டர். நான்தான் கேக்கலை. தெரியாம வாங்கி ஒளிச்சு வெச்சுப் பிடிப்பேன்."

அவர் பொய் சொல்லும் நொடிக்காகத்தான் ஆறு மாதமாக அவள் காத்துக்கிடந்தாள். இதோ சொல்லிவிட்டார், கண்ணைக்கூடச் சிமிட்டாமல்.

"பொய் சொல்றார் டாக்டர்," என்றாள். அவர் மேஜைக்கடியில் அவள் கையை அழுத்தினார். அவள் நிறுத்தவில்லை. "ஒன்பது வருஷமா நான்தான் வாங்கித் தர்றேன். இன்னைக்குக் காலையிலயும் வாங்கித் தந்தேன்."